எலி ஏந்திய பலகை: ஒரு சிறுவர் நகைச்சுவைத் தொடரின் முதல் பருவம் குறித்து

1760ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் காலையில் பிரிட்டன் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் கென்சிங்டன் அரண்மனையில் வழக்கம்போல் எழுந்தார். ஒரு கோப்பை சாக்லேட் பானம் அருந்திவிட்டுக் கழிப்பறைக்குள் போனார். சற்று நேரத்தில் உள்ளே ஏதோ விழும் சத்தம் கேட்டது. பணியாளர் ஓடிப்போய்ப் பார்த்தபோது மன்னர் தரையில் கிடந்தார். வயது 76. உடலைத் திறந்து ஆராய்ந்த அரண்மனை மருத்துவர் ஃபிராங்க் நிக்கல்ஸ், இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடியின் சுவர் கிழிந்திருந்ததைக் குறித்துவைத்தார். மருத்துவ வரலாற்றில் அந்தக் குறிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. பள்ளிப் பாடநூலில் அந்த மரணம் ஓர் ஆண்டாக மட்டும் சுருங்கி நிற்கும்.

249 ஆண்டுகள் கழித்து அதே மன்னர் பிரிட்டிஷ் சிறுவர் தொலைக்காட்சியில் தோன்றினார். 1714 முதல் 1830 வரை அடுத்தடுத்து ஆண்ட நான்கு ஜார்ஜ்களும் இளைஞர் இசைக்குழுபோல் முக்காலியில் அமர்ந்து, நெஞ்சில் கைவைத்து, உருகி உருகித் தங்கள் குறைகளைத் தாங்களே பாடினார்கள். ஆங்கிலம் சரளமாக வராத ஹானோவர்க்காரரான முதல் ஜார்ஜ், கழிப்பறையில் இறந்த இரண்டாம் ஜார்ஜ், மனநோய்க்கு ஆளான மூன்றாம் ஜார்ஜ், கடனிலும் தீனியிலும் மூழ்கிய நான்காம் ஜார்ஜ். அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை, நான்கு ஜார்ஜ்களையும் வரிசை மாறாமல் சொல்லும்.

நிகழ்ச்சியின் பெயர் ‘ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்’. பயங்கர வரலாறுகள் என்று தமிழில் சொல்லலாம். 2009 ஏப்ரல் 16 அன்று பிபிசியின் சிறுவர் அலைவரிசையான சிபிபிசியில் முதல் பருவம் தொடங்கியது. அரை மணி நேர நிகழ்ச்சி; 13 பகுதிகள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓடும் துணுக்கு நாடகங்கள், இடையிடையே பாட்டு, கேலி விளம்பரம், வினா விடை. ஸ்கெட்ச் காமெடி என்று தொலைக்காட்சி உலகம் அழைக்கும் வடிவம்தான். ஆனால் அந்த வடிவத்துக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது: சிரிப்புக்கு அடிப்படையாகும் செய்தி உண்மையாக இருந்தாக வேண்டும். அந்தக் கட்டுப்பாடுதான் இந்தத் தொடரின் உயிர் என்பதும், அது தளர்ந்த இடத்தில் தொடர் தடுக்கி விழுந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முன்னோர்

வரலாற்றை வைத்துச் சிரிப்பது பிரிட்டனில் புதிய பழக்கம் அல்ல. 1930இல் செல்லர், யேட்மன் என்ற இருவர் ‘1066 அண்ட் ஆல் தட்’ என்ற சிறுநூலை வெளியிட்டார்கள். பள்ளியில் மனப்பாடம் செய்த இங்கிலாந்து வரலாறு பெரியவர்களின் நினைவில் எப்படிக் குழம்பிக் கிடக்கிறது என்பதே அதன் நகைச்சுவை. அந்நூலை ரசிக்க, முதலில் பள்ளி வரலாற்றைப் படித்து மறந்திருக்க வேண்டும்.

அடுத்த கண்ணி 1969இல் வந்தது. ‘டூ நாட் அட்ஜஸ்ட் யுவர் செட்’ என்ற சிறுவர் நகைச்சுவைத் தொடரில் நடித்துவந்த மைக்கேல் பேலினும் டெரி ஜோன்ஸும், ‘தி கம்ப்ளீட் அண்ட் அட்டர் ஹிஸ்டரி ஆஃப் பிரிட்டன்’ என்ற குறுந்தொடரை எழுதி நடித்தார்கள். பழங்காலத்தில் தொலைக்காட்சி இருந்திருந்தால் நடப்புகளை எப்படிக் காட்டியிருக்கும் என்பதே அதன் கற்பனை. அதே ஆண்டின் இறுதியில் இருவரும் ‘மான்டி பைத்தான்’ குழுவில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றார்கள். டெரி ஜோன்ஸ் பின்னாளில் இடைக்கால வரலாறு பற்றிய நூல்களும் எழுதினார். சிறுவர் நகைச்சுவை, வரலாற்று ஆர்வம், தொலைக்காட்சியைத் தொலைக்காட்சியாலேயே கேலி செய்யும் உத்தி ஆகிய மூன்றும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை சந்தித்துக்கொண்டன. 1983 முதல் 1989 வரை வந்த ‘பிளாக்ஆடர்’ தொடரும் இந்த மரபில் வந்ததுதான். ‘ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்’ குழு பைத்தானையும் பிளாக்ஆடரையும் தங்கள் முன்மாதிரிகளாக வெளிப்படையாகவே சொல்லிவந்தது.

ஆனால் நேரடி மூலம் ஒரு புத்தக வரிசை. சண்டர்லாண்டில் 1946இல் பிறந்து, நடிகராகவும் நாடக ஆசிரியராகவும் வேலை பார்த்த டெரி டியரி, 1993இல் ட்யூடர் காலம் பற்றியும் பண்டைய எகிப்து பற்றியும் இரண்டு சிறுவர் நூல்களை எழுதினார். மார்ட்டின் பிரவுன் கேலிச் சித்திரங்கள் வரைந்தார். ஸ்காலஸ்டிக் நிறுவனம் வெளியிட்டது. அந்த வரிசை வளர்ந்து, பல மொழிகளில் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அந்த 1993 என்ற ஆண்டைச் சற்றுக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி வரலாற்றுப் பாடம் 1991இல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகளில் எகிப்தியர், கிரேக்கர், ரோமானியர், வைக்கிங்குகள், ட்யூடர்கள், விக்டோரியா காலம் என்று தலைப்புகள் வகுக்கப்பட்டன. டியரியின் நூல்தலைப்புகளும் ஏறத்தாழ அவையே. பள்ளிகள் மீது கடும் அதிருப்தி கொண்டவர் டியரி. அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. ஆயினும் பள்ளி எந்த வாசலைத் திறந்ததோ அதே வாசல் வழியாகத்தான் அவருடைய நூல்கள் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தன. வகுப்பறையில் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரின் பெயர்களைப் படித்த பிள்ளை, வீட்டுக்கு வந்து அந்த மனைவியர் என்ன ஆனார்கள் என்பதை டியரியிடம் படித்தது. பாடமும் எதிர்ப்பாடமும் ஒரே பையில் போய்வந்தன.

2009: ஒரு துணிச்சல்

நூல்களைத் திரைக்குக் கொண்டுவரும் முயற்சி முன்பும் நடந்தது. 2001இல் ஓர் அனிமேஷன் தொடர் வந்தது, அது நிலைக்கவில்லை. 2009இல் பொறுப்பேற்ற லயன் டெலிவிஷன் நிறுவனமும் தயாரிப்பாளர் கரோலின் நாரிஸும் வேறு பாதையில் போனார்கள். சிறுவர் நிகழ்ச்சி எழுதிப் பழகியவர்களைத் தேடாமல், பெரியவர்களுக்கான நகைச்சுவையில் கைதேர்ந்தவர்களை அழைத்தார்கள். வானொலியில் அரசியல் நையாண்டி எழுதிய ஸ்டீவ் பன்ட் அவர்களில் ஒருவர். டொமினிக் பிரிக்ஸ்டாக் இயக்கினார். மேத்யூ பேன்டன், சைமன் ஃபார்னபி, மார்த்தா ஹௌ-டக்ளஸ், ஜிம் ஹாவிக், லாரன்ஸ் ரிக்கார்ட், பென் வில்பாண்ட் ஆகிய ஆறு பேர் நடிகர் குழுவின் மையமாக அமைந்தார்கள். பாட்டுகளுக்கு ரிச்சி வெப் இசையமைத்தார்.

காலமும் கவனிக்கத்தக்கது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுப்பொருள்களின் விளம்பரத்தைச் சிறுவர் நிகழ்ச்சிகளின் நடுவே காட்டக் கூடாது என்று பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2006 நவம்பரில் அறிவித்தது. பிள்ளைகளின் நலனுக்கு அது நல்ல முடிவு. ஆனால் வணிகத் தொலைக்காட்சிகள் சிறுவர் நிகழ்ச்சிக்குச் செலவிடுவதை அதற்கு முன்பே குறைக்கத் தொடங்கியிருந்தன. அந்தச் சரிவு இப்போது வேகம் பிடித்தது. உரிமக் கட்டணத்தில் இயங்கும் பிபிசி ஒன்றுதான் இதில் உறுதியாக நின்றது. விளம்பர வருவாயை நம்பாத அமைப்பால்தான், பிளேக் நோயையும் தலைவெட்டையும் பற்றிய ஒரு சிறுவர் தொடருக்குச் சிறந்த எழுத்தாளர்களையும், உடை அலங்காரத்தையும், ஒரு வரலாற்று ஆலோசகரையும் தர முடிந்தது. தெரியப்படுத்து, கற்பி, மகிழ்வி என்ற பிபிசியின் பழைய மூன்று கடமைகளும் ஒரே நிகழ்ச்சியில் கூடிய அரிய தருணம் அது.

அந்த ஆலோசகர் கிரெக் ஜென்னர். யார்க் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த இளைஞர். எழுத்தாளர்களுக்கு வேண்டிய செய்திகளைத் திரட்டித் தருவதும், அவர்கள் எழுதிய ஒவ்வொரு துணுக்கையும் சரிபார்ப்பதும் அவர் வேலை. நகைச்சுவை எழுத்தாளருக்கு இப்படி ஒருவர் பக்கத்தில் இருப்பது முதலில் தொல்லையாகத் தோன்றலாம். நல்ல நகைச்சுவை வரி ஒன்று கைக்கு வந்தபின், செய்தி சரியில்லை என்று ஒருவர் அதை அடித்துவிட்டால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் விளைவைப் பார்த்தால், அந்தத் தடையே எழுத்துக்கு உரமாயிற்று. கற்பனையாக வேடிக்கை செய்வது எளிது என்பதால் சீக்கிரமே சலித்துவிடும். உண்மையிலேயே நடந்த விசித்திரத்தைத் தேடிப்போனவர்களுக்கு ஏடுகளும் ஆவணங்களும் வற்றாத சுரங்கமாக இருந்தன.

பலகையின் பொருள்

நிகழ்ச்சியை நடத்துபவர் ராட்டஸ் ராட்டஸ் என்ற கறுப்பு எலி. உயிரியலில் கறுப்பு எலிக்கு இட்ட பெயரே அதன் பெயர். ஜான் எக்கிள்ஸ்டன் இயக்கிக் குரல் கொடுத்த பொம்மை. சாக்கடைக்குள்ளிருந்து பேசும் அந்த எலி எல்லாக் காலங்களிலும் இருந்தது. அரண்மனையிலும் குடிசையிலும் இருந்தது. கப்பலேறிக் கண்டங்களைக் கடந்தது. மனிதர்கள் எழுதிவைக்காததையும் பார்த்திருக்கக்கூடிய சாட்சி.

துணுக்கு நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்தில் அந்த எலி தலைநீட்டும். கையில் ஒரு சிறு பலகை. இது உண்மைதான் என்று அதில் எழுதியிருக்கும். பிள்ளைகள் நம்ப மறுக்கும் இடம் பார்த்து அந்தப் பலகை வரும். ரோமானியர்கள் சிறுநீரால் துணி வெளுத்தார்கள் என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? ஆனால் அதற்குச் சான்று உண்டு. வண்ணார் பட்டறைகள் பயன்படுத்திய சிறுநீருக்குப் பேரரசர் வெஸ்பாசியன் வரி விதித்தார். சிறுநீரால் பல் துலக்கிய ஒருவனைக் கவிஞர் கட்டுல்லஸ் கேலி செய்திருக்கிறார்.

இந்தப் பலகையை ஒரு வேடிக்கை உத்தி என்று மட்டும் பார்த்தால் அதன் முக்கியத்துவம் தவறிப்போகும். நாடகத்தில் எது மிகை, எது செய்தி என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை அது ஏழு வயதுப் பிள்ளைக்குக் கற்றுத்தருகிறது. மன்னர் இசைக்குழுவில் பாடியது கற்பனை. கழிப்பறையில் இறந்தது நிகழ்வு. இரண்டும் ஒரே காட்சியில் கலந்துவந்தாலும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைக் காட்டிக்கொண்டே போகிறது எலி. வரலாற்று ஆய்வின் முதல் பாடம் அதுதான்: சொல்லப்படுவதில் எதற்குச் சான்று இருக்கிறது என்று கேட்பது. பல்கலைக்கழக மாணவர்களுக்கே அரிதாகக் கைவரும் இந்தப் பழக்கத்தை ஒரு பொம்மை, பலகை பிடித்துச் சொல்லிக்கொடுத்தது.

இரண்டாவது உத்தி, தெரிந்த தொலைக்காட்சி வடிவத்துக்குள் தெரியாத காலத்தைப் போடுவது. இரு குடும்பங்கள் மனைவியரை மாற்றிக்கொள்ளும் நிகழ்ச்சியைப் பழங்கால மாந்தர்களை வைத்து நடத்தினார்கள். மருத்துவ அவசர ஊர்தியில் வெவ்வேறு நூற்றாண்டு வைத்தியர்கள் வந்திறங்கினார்கள். ‘முட்டாள்தனமான மரணங்கள்’ என்ற பகுதியில் காலனே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வரிசையில் வந்தவர்களிடம் எப்படிச் செத்தாய் என்று விசாரித்தான். பேலினும் ஜோன்ஸும் 1969இல் செய்ததேதான். ஒரு வேறுபாடு: அவர்கள் பெரியவர்களின் தொலைக்காட்சியைக் கேலி செய்ய வரலாற்றைப் பயன்படுத்தினார்கள். இவர்களோ வரலாற்றுக்குள் பிள்ளைகள் நுழைய, அவர்களுக்குப் பழக்கமான தொலைக்காட்சியைப் படிக்கட்டாக வைத்தார்கள்.

மூன்றாவது, உடல். இந்த நிகழ்ச்சி முழுக்க மலம், சீழ், பேன், அழுகல். முகம் சுளித்த பெரியவர்கள் உண்டு. ஆனால் இதற்கும் ஒரு தர்க்கம் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அரசுரிமைச் சட்டம் புரியாது, பல்வலி புரியும். மயக்கமருந்து இல்லாத காலத்தில் பல் பிடுங்கினார்கள் என்றால், அக்கால மனிதனும் தன்னைப் போன்ற உடலோடு வாழ்ந்தவன் என்பது அந்தக் கணமே விளங்கிவிடும். இடைக்காலத் திருவிழாச் சிரிப்பைப் பற்றி எழுதிய ரஷ்ய அறிஞர் மிகயீல் பக்தின், உடலைக் காட்டிச் சிரிக்கும் சிரிப்பு உயர்ந்தவரையும் தாழ்ந்தவரையும் ஒரே தளத்துக்கு இறக்கிவிடுகிறது என்றார். ஒரு சிறு நடிகர் குழு நூற்றுக்கணக்கான வேடங்களைக் கட்டியதும் இதற்குத் துணைநின்றது. போன காட்சியில் மன்னராக வந்த முகம் அடுத்த காட்சியில் அடிமையாக வந்து நிற்கும். மகுடமும் கந்தலும் உடைப்பெட்டியில் அடுத்தடுத்து இருக்கின்றன என்பதைப் பிள்ளை தானாகவே கண்டுகொள்கிறது.

அங்கீகாரம்

பெரியவர்கள் பார்க்கத் தொடங்கியது விரைவிலேயே தெரிந்தது. 2010ஆம் ஆண்டுக்கான பிரிட்டிஷ் காமெடி விருதுகளில், சிறந்த ஸ்கெட்ச் நிகழ்ச்சி என்ற விருது பெரியவர்களுக்கான தொடர்களைத் தாண்டி இந்தச் சிறுவர் தொடருக்குப் போனது. அந்த விருதைப் பெற்ற முதல் சிறுவர் நிகழ்ச்சி இதுவே. 2011 ஜூலை 30 அன்று லண்டனின் ராயல் ஆல்பர்ட் அரங்கில், செவ்வியல் இசைக்குப் பேர்போன பிராம்ஸ் விழாவில் இதன் பாட்டுகள் அரங்கேறின. அதே ஆண்டு ஸ்டீஃபன் ஃபிரை தொகுத்து வழங்க, தேர்ந்தெடுத்த காட்சிகள் பிபிசி ஒன்றில் ஒளிபரப்பாயின.

2013இல் ஐந்து பருவங்களோடு முதல் குழுவின் காலம் முடிந்தது. 2015இல் தொடர் புது அமைப்போடு மீண்டும் வந்தது. அந்த ஆறு நடிகர்களும் பிரியவில்லை. 2019இல் தொடங்கிய ‘கோஸ்ட்ஸ்’ தொடரைச் சேர்ந்தே எழுதி நடித்தார்கள். ஒரே வீட்டில் வெவ்வேறு நூற்றாண்டுகளில் இறந்தவர்கள் ஆவிகளாகச் சேர்ந்து வாழும் கதை அது. எல்லாக் காலத்தவரும் ஒரே கூரையின் கீழ் என்ற அந்த எண்ணத்துக்கு 2009இல்தான் விதை போடப்பட்டது.

வரம்புகள்

பாராட்டுக்குரிய தொடர்தான். அதனாலேயே அதன் வரம்புகளையும் நேராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் வரம்பு கால ஓட்டம் பற்றியது. வைக்கிங்கிலிருந்து விக்டோரியாவுக்கும், அங்கிருந்து கற்காலத்துக்கும் நிகழ்ச்சி தாவுகிறது. ஒவ்வொரு காலமும் தனித்தனித் தீவாக நிற்கிறது. ஒன்று ஏன் இன்னொன்றாக மாறியது என்ற கேள்விக்கு இரண்டு நிமிடத் துணுக்கில் இடமில்லை. விக்டோரியா காலத்துச் சுரங்கத்தில் சிறுவர்கள் வேலை செய்தார்கள் என்று காட்டலாம். 1842ஆம் ஆண்டுச் சட்டம் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் எல்லாப் பெண்களையும் நிலத்தடிச் சுரங்க வேலையிலிருந்து விலக்கியது ஏன், அதற்காக யார் போராடினார்கள், யார் எதிர்த்தார்கள் என்பதைச் சொல்ல நேரம் வேண்டும். தொடர் பிற்பாடு இந்தக் குறையை உணர்ந்தது போலும். இங்கிலாந்தை ஆண்டவர்கள் அனைவரையும் வரிசையாக அடுக்கும் நீண்ட பாட்டு ஒன்று பின்னொரு பருவத்தில் வந்தது.

இரண்டாவது வரம்பு, சுருக்கத்தின் ஆபத்து. இதற்கு உதாரணம் ஒரு செவிலியர் துணுக்கு.

மேரி சீகோல் 1805இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். தாய் கறுப்பினத்தவர், தந்தை ஸ்காட்லாந்துக்காரர். கிரிமியப் போர் மூண்டபோது செவிலியராகப் போக லண்டன் அலுவலகங்களின் கதவைத் தட்டினார். எல்லாக் கதவுகளும் மூடின. தன் சொந்தப் பணத்தில் போய், 1855இல் பாலக்லாவா அருகே விடுதியும் கடையும் அமைத்து, படைவீரர்களுக்கு உணவும் மருந்தும் தந்தார். 1857இல் வெளியான தன் வாழ்க்கை நூலில், தன் தோல் நிறம்தான் மறுப்புக்குக் காரணமோ என்று வேதனையோடு எழுதினார். மறுத்தவர்கள் போர்த்துறை அதிகாரிகளும், செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்த பெண்மணிகளும். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அப்போது துருக்கியின் ஸ்குட்டாரியில் இருந்தார். சீகோல் வழியில் அவரைச் சந்தித்து ஓர் இரவு தங்க இடம் கேட்டதையும், இடம் கிடைத்ததையும் அதே நூலில் நன்றியோடு குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் நைட்டிங்கேல் ஒரு தனிக் கடிதத்தில் சீகோலின் விடுதியைப் பற்றிக் கடுமையாக எழுதினார் என்பதும் உண்மை.

தொடரின் துணுக்கு இந்தச் சிக்கலையெல்லாம் இருவர் மோதலாகச் சுருக்கியது. சீகோலை இனத்தின் பேரால் நைட்டிங்கேலே திருப்பி அனுப்பினார் என்று பார்ப்பவர் புரிந்துகொள்ளும்படி காட்சி அமைந்தது. நைட்டிங்கேலின் ஆதரவாளர்கள் புகார் செய்தார்கள். 2014இல் பிபிசியின் அப்போதைய மேற்பார்வை அமைப்பான பிபிசி டிரஸ்ட், இந்தச் சித்திரிப்பு துல்லியமற்றது என்று தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பை இரண்டு விதமாகப் படிக்கலாம். பிள்ளைகளின் நகைச்சுவையைப் போய் இப்படிக் கூண்டில் ஏற்ற வேண்டுமா என்று கேட்பது ஒரு விதம். எனக்கு அது சரியாகப் படவில்லை. எலி பலகை ஏந்தி உண்மை என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. வாக்குக் கொடுத்தவர்களிடம்தான் கணக்குக் கேட்க முடியும். பிள்ளைகள் தாங்களாகச் சரிபார்க்கும் வயதில் இல்லை என்பதால் அந்த வாக்கின் கனம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. அதே நேரத்தில் துணுக்கு எழுதியவர்களின் நோக்கத்தையும் மறக்கக் கூடாது. பாடநூலில் ஒருவருக்கு மட்டும் விளக்கேற்றி வைத்திருந்த இடத்தில், இருளில் நின்ற இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்த அவர்கள் விரும்பினார்கள். சீகோலுக்கு இழைக்கப்பட்ட அநீதி மெய். அதைச் செய்தது முகமற்ற அலுவலகங்களின் ஒரு வரிசை. வரிசை முழுவதையும் காட்ட நேரமில்லாததால், பெயர் தெரிந்த ஒருவர் தலையில் பழி இறங்கியது. நகைச்சுவைக்கு முகம் வேண்டும். அநீதிக்கோ பல நேரங்களில் முகம் இருப்பதில்லை. இரண்டு நிமிட வடிவம் தாங்க முடியாத உண்மை இதுதான்.

அரசியின் தேநீர்

இதே சிக்கலை முதல் பருவத்தின் ஒரு பாட்டு வேறு விதமாகக் கையாண்டது. விக்டோரியா அரசி தேநீர் அருந்த அமர்கிறார். பிரிட்டிஷ் பொருள்களைப் பெருமையோடு பாடுகிறார். அருகில் நிற்கும் பணியாளர் ஒவ்வொன்றாகத் திருத்துகிறார்: தேயிலை இந்தியாவிலிருந்து, சர்க்கரை கரீபியத் தீவுகளிலிருந்து, பருத்தி அமெரிக்காவிலிருந்து; அவற்றுக்குப் பின்னால் அடிமைகளின் உழைப்பும் போர்களும். பாட்டு முடியும்போது அரசியிடம் பெருமைப்பட எதுவும் மிஞ்சுவதில்லை.

2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியது. அந்நாளில், இந்திய வம்சாவளி நகைச்சுவைக் கலைஞர் நிஷ் குமார் முன்னுரை சொல்ல, இந்தப் பாட்டு மீண்டும் வெளியிடப்பட்டது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் யாரையும் உறுத்தாத பாட்டு அன்றைக்குப் பெரும் சர்ச்சையாயிற்று. பிபிசியின் அரசியல் நெறியாளராக இருந்த ஆண்ட்ரூ நீல் உள்ளிட்டோர் நாட்டை இழிவுபடுத்துவதாகக் கண்டித்தார்கள். பாட்டு மாறவில்லை, கேட்டவர்களின் மனநிலைதான் மாறியிருந்தது. பிள்ளைகளுக்காகச் செய்த நகைச்சுவை ஒரு தேசத்தின் சுயசித்திரத்தில் எவ்வளவு ஆழமாகக் கைவைத்திருந்தது என்பதற்கு அந்தச் சர்ச்சையே சான்று.

தமிழ் வாசகர்கள் இந்தப் பாட்டை வெளியிலிருந்து கேட்க முடியாது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. 1838இல் அடிமைகள் முழுமையாக விடுபட்டார்கள். விக்டோரியா 1837இல்தான் அரியணை ஏறினார். அவர் ஆட்சிக்காலத்துச் சர்க்கரையில் ஒரு பங்கு, அடிமைகளின் இடத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் உழைப்பில் விளைந்தது. மொரீசியஸுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் கப்பலேறியவர்களில் தமிழர் ஏராளம். தேயிலையின் கதையும் அப்படியே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்தபின் மலையகம் முழுக்கத் தேயிலையானது. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறிய தமிழ்க் குடும்பங்கள் அந்த இலையைக் கிள்ளின. நாடு விடுதலை பெற்ற 1948இலேயே குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது.

பாட்டு இதையெல்லாம் சொல்லவில்லை. ஊர்ப் பெயரோடு நின்றுவிடுகிறது. கிள்ளிய கைகள் வரை போகவில்லை. ஆனால் செவிலியர் துணுக்கு செய்த பிழையை இது செய்யவில்லை. பழியை ஒருவர் தலையில் சுமத்தாமல், ஒரு கோப்பையைக் காட்டி, இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. இரண்டு நிமிடத்தில் ஒரு வரலாற்றையே சொல்லி முடிக்க முடியாது. வரலாற்றுக்குள் போகும் கேள்வியைத் தொடங்கிவைக்க முடியும். 2009இன் அந்தப் பதின்மூன்று பகுதிகளில் சிறந்தவையெல்லாம் செய்தது அதைத்தான்.

அன்று எட்டு வயதில் அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரித்த பிள்ளைக்கு இன்று வயது இருபதைத் தாண்டியிருக்கும். காலையில் தேநீர் வைக்கும்போது அந்தக் கேள்வி ஒருமுறை நினைவுக்கு வந்து, அவர் அதை இன்னும் ஓர் அடி நீட்டி, கிள்ளியது யார் என்று கேட்டால், அவருக்குக் கிடைக்கும் விடைகளில் ஒன்று தமிழ் பேசும்.